செக்ரோலின் 31 கட்டங்கள்

நெகிரி செம்பிலானின் ரப்பர்த் தோட்டங்களில் கணக்கெழுதும் கிராணி ஐயாவின் மேசைமேல் கிடந்த செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு அகலமான புத்தகம். ஆளுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்தவர் யார், நிறுத்த பால் எவ்வளவு, மெட்ரோலாக் கருவி காட்டிய உலர் ரப்பர் எவ்வளவு என்பதெல்லாம் மாத முடிவில் சம்பளமாகத் திரளும். விவரமும் கணக்கும் கண்ணுக்குத் தெரியும் தோற்றமும் அங்கே ஒரே தாள்தான். கூட்டல் பிழைத்தால் சம்பள நாளில்தான் தெரியும். தெரிந்தாலும் ஆபீஸ் வாசலில் நின்று கேட்க எல்லாருக்கும் துணிவு வந்ததில்லை.

இன்று ரந்தாவிலும் பகாவிலும் பால்மரம் நின்ற மேடுகள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. தோட்டக் கணக்குக்கு எழுதப்படும் வலைச் செயலிகள் அந்த ஒரே தாளை மூன்றாகப் பிரிக்கின்றன: விவரமும் விதியும் மாடலில், திரை வியூவில், இரண்டுக்கும் நடுவே கன்ட்ரோலர். 1979இல் நார்வேக்காரர் திரிக்வே ரீன்ஸ்காக் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் வகுத்த முறை இது. ரூபி ஆன் ரெயில்ஸ், லாராவெல் போன்றவை அதை வலைக்குப் பொதுவழக்காக்கின. செக்ரோலின் அகல வரி மாடலில் உடைந்து, ஓர் ஆளின் ஒரு நாள் ஒரு வரியாகிறது. தோட்ட நிர்வாகியான துரை பார்க்கும் திரையில் மட்டும் பழைய 31 கட்டங்கள் திரும்ப வருகின்றன. திரையை எப்படி மாற்றினாலும் கணக்கு அசையாது.

அன்று ரப்பர் விலையோடு கூலியும் ஏறி இறங்கியது. கிராணி புது விகிதத்தைப் புதுப் பக்கத்தில் எழுதினார். பழைய பக்கம் தானாகவே பழையபடி இருந்தது. மாடலில் அது தானாக நடக்காது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 அன்று 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ஆனது. விகிதத்தை ஒரே எண்ணாக வைத்திருந்த செயலியில் அதைத் திருத்தினால், மறுபடி எடுக்கும் ஜனவரிக் கணக்கும் மாறிப்போகும். தொடங்கும் தேதியோடு விகிதத்துக்கென்று தனி அட்டவணை வேண்டும்.

பெயரிலும் இதே கதை. ஒரே தோட்டத்தில் மூன்று முனியம்மாக்கள் இருந்தால் லயத்தையும் புருஷன் பெயரையும் வைத்துக் கிராணி பிரித்தறிவார். இன்று உள்ளூர்க்காரருக்கு 12 இலக்க அடையாள அட்டை எண் உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கடப்பிதழ் எண். புதுப்பித்தால் அது மாறிவிடும். அதையே சாவியாக்கினால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். அதனால் செயலி தானே ஓர் எண் கொடுத்துக்கொள்வது நல்லது. குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவத்தில், ஒற்றைப் பெயர்கொண்ட இந்தோனேசியர் எதை நிரப்புவார்?

கிராணியின் பென்சிலை நினைத்து நான் ஏங்கவில்லை. ஓரக் குறிப்பில் ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரக்கமாக எழுதிய அதே பென்சில், பிடிக்காதவரின் நாளைக் குறைக்கவும் கூடியது. இன்று சம்பளச் சீட்டைத் தொழிலாளி தன் கைப்பேசியிலேயே பார்க்க வழியுண்டு. அது சிறிய லாபமல்ல. ஆனால் செயலியின் பட்டியலில் இல்லாத விடுப்புக் காரணமெல்லாம் ‘பிற’ என்றே பதிவாகிறது.

மழை நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பாதி வேலையில் மழை பிடித்தால் செக்ரோலில் அரை என்று எழுதினால் தீர்ந்தது. வந்தார், வரவில்லை என்ற இரண்டை மட்டும் ஏற்கும் மாடலில் அரைக்கு இடமில்லை. பிறகு ஒரு பத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய வரிகளில் எவை அரை நாள் என்று சொல்ல மட்டும் ஆளிருக்காது.