செல் தன்னை அளக்கும் விதம்

நெய்வேலிச் சுரங்கத்தின் பழுப்பு நிலக்கரியில் சில கட்டிகளை உடைத்தால் மரத்தின் நாரோட்டம் வெறுங்கண்ணுக்கே தெரியும். நுண்ணோக்கியில் வைத்தால் செல்சுவர்கள் தெரியும். அனல்மின் நிலையத்தில் எரிவது, பல லட்சம் நூற்றாண்டுகளுக்கு முன் நின்ற ஒரு காட்டின் செல்சுவர்கள்தான். அவற்றைக் கட்டிய செல்கள் எல்லாம் பிரிந்து பிரிந்து வந்தவை. எந்த அளவுக்கு வளர்ந்ததும் பிரிய வேண்டும் என்று ஒரு செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

வளர்வதும் பிரிவதும் வேறு வேறு வேலைகள். வளர்ச்சி என்பது பெரும்பாலும் புரதம் சேர்ப்பது. அதைச் செய்வது ரைபோசோம். அதன் அமைப்பை ஆராய்ந்து 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கி ராமகிருஷ்ணன், நெய்வேலிக்குப் பக்கத்துச் சிதம்பரத்தில் பிறந்தவர். பிரிவது என்றால், டிஎன்ஏவை ஒருமுறை முழுதாகப் படியெடுத்து இரண்டு மகள் செல்களுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது. இதில் பிரிவு முந்தினால் தலைமுறைக்குத் தலைமுறை செல் சிறுத்துப்போகும்; வளர்ச்சி முந்தினால் ஊதிப் பெருத்துவிடும்.

பால் நர்ஸ் எடின்பரோவில் ஆராய்ந்த பிளவு ஈஸ்ட், ஏறத்தாழ 14 மைக்ரோமீட்டர் நீளம் வந்ததும் பிரியும். ஒரு மரபணு பழுதான செல்கள் ஏறக்குறையப் பாதி அளவிலேயே பிரிந்துவிடுவதை அவர் 1975இல் கண்டார். அப்படியானால், போதுமான அளவு வரும்வரை பிரிவைத் தடுத்து வைக்கும் ஒன்று செல்லுக்குள் இருக்க வேண்டும். செல் சுழற்சி ஆய்வுகளுக்காக 2001இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

ஆனால் தடை எப்போது விலகுகிறது? தாவரங்களில் இதற்குக் கிடைத்த விடை எனக்கு மிகவும் பிடித்தது. இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தினர், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் செடியின் தண்டு நுனியை ஆராய்ந்து 2021இல் அதை வெளியிட்டார்கள். அங்கே செல்கள் பிரியும்போது மகள்கள் ஒரே அளவில் அமைவதில்லை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஆனாலும் இரண்டுக்கும் டிஎன்ஏ சமம். கேஆர்பி4 என்ற தடுப்புப் புரதம் அந்த டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டே போகிறது. ஒட்டாமல் மிஞ்சியதை வேறொரு புரதம் அழித்துவிடுகிறது. ஆக, பெரிய மகளுக்கும் சிறிய மகளுக்கும் தடுப்புப் புரதம் ஒரே பங்குதான். ஒரே அளவு உப்பைச் செம்பிலும் குடத்திலும் கரைத்ததுபோல, சிறிய செல்லில் அதன் செறிவு அதிகம். டிஎன்ஏ படியெடுப்பைத் தொடங்க அது கூடுதல் காலம் காத்திருக்க வேண்டும். வளர வளரப் புரதம் நீர்த்து, தடை தளர்கிறது. பெரிய செல் சீக்கிரமே தொடங்கிவிடுகிறது. ஓரிரு தலைமுறைகளில் ஏற்றத்தாழ்வு சரியாகிவிடும். டிஎன்ஏவையே அளவுகோலாகப் பயன்படுத்தும் இந்த ஏற்பாட்டில், செல்லுக்குத் தன் நீள அகலம் தெரியவேண்டிய அவசியமே இல்லை.

பேக்டீரியாக்களில் பல வேறு வழியில் போகின்றன. பிறந்தபோது எந்த அளவாக இருந்தாலும், அதன்மேல் ஒரு குறிப்பிட்ட அளவு கூடியதும் பிரிகின்றன.

நம் உடலில் ஆர்பி என்ற தடுப்புப் புரதம் உண்டு. செல் வளரும்போது இதுவும் நீர்த்துப்போகிறது என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். விழித்திரைச் செல்லில் இந்தப் புரதத்துக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால், சின்னக் குழந்தைகளுக்கு ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோய் வரலாம். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம்.