ஆயில் எஞ்சினுக்கு ஒரு டிரெயின் வால்வு

திண்டுக்கல் சமவெளியில் கிணற்றுமேட்டில் ஓடும் ஆயில் எஞ்சினுக்கும், ராமேஸ்வரத்தில் கடலுக்குப் போகும் விசைப்படகின் எஞ்சினுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுமே தாம் நிற்கும் இடத்துத் தண்ணீரை எடுத்துத்தான் தம் சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. படகு கடல்நீரை உறிஞ்சி, சூட்டை அதனிடம் கொடுத்து வெளியே தள்ளுகிறது. ஆயில் எஞ்சினில் பம்பின் டெலிவரி குழாயிலிருந்து ஒரு சிறிய குழாய் பிரிந்து எஞ்சினுக்குள் போகும். சிலிண்டரைச் சுற்றியுள்ள அறையை நிரப்பி, ஹெட் வழியாக ஏறி, வெதுவெதுப்பாக வாய்க்காலில் விழும். ரேடியேட்டரும் இல்லை, விசிறியும் இல்லை.

எஞ்சின் ஓடும்வரை இதில் சிக்கல் இல்லை. நிறுத்தியபின் உள்ளே தங்கிவிடும் தண்ணீர்தான் கெடுதல் செய்கிறது. அதை முழுக்க வடித்துவிட, தண்ணீர் அறையின் அடியில் ஒரு டிரெயின் வால்வு வேண்டும். பழைய எஞ்சின்கள் பலவற்றில் அந்த இடத்தில் வெறும் இரும்புப் பிளக் இருக்கும். ஸ்பேனர் தேடி, துருவோடு மல்லுக்கட்டி அதைக் கழற்ற யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதனால் வருடக்கணக்கில் திறக்கப்படாமலே கிடக்கும். கையால் திருப்பும் வால்வாக இருந்தால் அந்த வேலை தவறாமல் நடக்கும்.

நம் பக்கத்துத் தண்ணீருக்கு இது கூடுதலாகவே தேவை. திண்டுக்கல்லின் நிலத்தடி நீர் பெரும்பாலும் கடும்பாறை இடுக்குகளில் தேங்கியிருப்பது. பாறையிலிருந்து கரைந்த சுண்ணாம்பு உப்பு அதில் இருக்கிறது. நகரைச் சுற்றித் தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிய கிணறுகளில் நிலைமை இன்னும் மோசம். இந்தத் தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் பிரிந்து, கால்சியம் கார்பனேட்டாகச் சுவரில் படிகிறது. வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாக ஒட்டுகிறதே, அதே பொருள்தான். எஞ்சினில் அது முதலில் பிடிப்பது அதிகச் சூடுள்ள இடங்களில், அதாவது ஹெட்டிலும் சிலிண்டரின் மேற்பகுதியிலும். வார்ப்பிரும்போடு ஒப்பிட்டால் இந்தப் படிவு பல பத்து மடங்கு குறைவாகத்தான் சூட்டைக் கடத்தும். மெல்லிய படிவு போதும், எஞ்சின் சூடேறத் தொடங்கிவிடும். பிறகு ஹெட் கேஸ்கட் போகும், ஹெட்டே விரிசல் விடும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (BIS) குடிநீர்த் தரத்தில், வேறு வழியில்லாத இடங்களில் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம்வரை அனுமதி. கேட்டர்பில்லர் நிறுவனம் தன் எஞ்சின்களில் கூலன்ட்டோடு கலக்கும் தண்ணீருக்குச் சொல்லும் உச்சவரம்பு 170 மில்லிகிராம். குளோரைடு 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நாம் குடிக்கத் தகுந்த தண்ணீர்கூட எஞ்சினுக்கு ஆகாமல் போகலாம்.

டிரெயின் வால்வு படிந்த உப்பைக் கரைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒட்டிய படிவை எடுக்க அதற்கான ரசாயனமும் விவரம் தெரிந்த மெக்கானிக்கும் வேண்டும். வால்வு செய்வது வேறு. நிறுத்திய எஞ்சினில் தண்ணீர் தேங்கித் துருவேற்றாமல் பார்த்துக்கொள்ளும். கிணற்று மண்ணும் துருத்தூளும் அடியில் சேறாக இறுகுவதற்குள் வெளியேற வழி கொடுக்கும். அந்தச் சேறு சிலிண்டரின் அடிப்பகுதியை மூடிக்கொண்டால் அங்கே தண்ணீர் படாது. ஆனால் மேலே குழாயில் தண்ணீர் ஒழுங்காக விழுந்துகொண்டிருக்கும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியும்.

பொருத்தும் வேலையில் பாதி, பழைய பிளக்கைப் பத்திரமாகக் கழற்றுவது. துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். ஸ்பேனருக்கு நீளக் குழாய் மாட்டி முரட்டுத்தனமாகத் திருகக் கூடாது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். கழற்றிய பிளக்கைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய், அதே மரை உள்ள பித்தளை நிப்பிளை அதில் ஒப்பிட்டு வாங்குங்கள். அளவு ஒன்றுபோலத் தெரிந்தாலும் மரை வேறாக இருக்கலாம். கையால் மூன்று நான்கு சுற்று இலகுவாக ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அது அந்த மரை அல்ல.

வால்வுக்கு என் தேர்வு கால் சுற்றில் திறக்கும் பித்தளை பால் வால்வு. திறந்தால் முழு வாயும் திறப்பதால் சேறு தடையின்றி வரும். அடைத்தாலும் கம்பி விட்டுக் குத்தலாம். சிறிய திருகு காக்கில் உப்பு சிக்கிக்கொண்டால் மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது. நிப்பிள் குட்டையாக இருக்கட்டும். நீளமான நிப்பிளின் நுனியில் கனமான வால்வு தொங்கினால், எஞ்சின் அதிர்வில் மரை அருகே ஒடிந்துவிடும். கைப்பிடி தன் எடையால் கீழே விழுந்தால் வால்வு மூடும் நிலைக்கு வரும்படி திருப்பிப் பொருத்துங்கள். வாயில் ஒரு மூடியும் போட்டுவிட்டால் அதிர்வில் தானாகத் திறந்தாலும் தண்ணீர் போகாது. மரையில் டெஃப்ளான் டேப்பை முதல் ஒரு மரை விட்டுச் சுற்றினால் அறுந்த துணுக்கு உள்ளே போய் அடைக்காது.

எஞ்சினை நிறுத்தியதும் திறக்க வேண்டாம். பிளாக்கில் கை வைத்தால் பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும். வடிந்த பிறகு மேலிருந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் மிச்சச் சேறும் கழுவிக்கொண்டு வரும். அதைச் சூடான எஞ்சினில் செய்தால் ஹெட் விரிசல் விடும். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது வால்வை மூடிவிட்டோமா என்று பார்த்து, வாய்க்காலில் தண்ணீர் விழுவதை உறுதி செய்த பிறகே லோடு கொடுங்கள்.

படகில் இதே வேலை இன்னும் அவசியம். தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அத்தனை நாளும் கடல்நீர் எஞ்சினுக்குள் நின்றால் உப்பு உலோகத்தைத் தின்றுவிடும். வடித்து, நல்ல தண்ணீரால் அலசி, மறுபடி வடிக்க வேண்டும். கடல்நீர் உள்ளே வரும் வால்வை முதலில் மூடாமல் டிரெயினைத் திறந்தால் கடலே படகுக்குள் வரும். குளிர்நாடுகளில் காரணம் வேறு: தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிந்து பிளாக்கைப் பிளக்கும். கீழே திண்டுக்கல்லில் அந்தப் பயம் இல்லை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் கொடைக்கானலில் வெறும் தண்ணீரோடு எஞ்சினை இரவில் விடுபவர்கள் யோசிக்க வேண்டும்.

டிராக்டரிலும் ஜெனரேட்டரிலும் கணக்கு தலைகீழ். அவற்றில் அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. அடிக்கடி வடித்துப் புதுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் ஒவ்வொரு முறையும் புது உப்பைக் கொண்டு போய்ச் சேர்க்கிறோம். அங்கே கையேடு சொல்லும் காலத்தில் மட்டும் வடித்து, நல்ல தண்ணீரும் கூலன்ட்டும் கலந்து நிரப்ப வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும். சூடாக இருக்கையில் உள்ளே அழுத்தம் இருக்கும், கொதிநீர் முகத்தில் அடிக்கும். ரேடியேட்டருக்கு அடியில் ஒரு டிரெயின் இருந்தால், பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். வடிந்ததை வாளியில் பிடித்து அளந்தால் தெரியும்: கையேட்டில் 10 லிட்டர் என்று போட்டு, 6 லிட்டர்தான் வந்திருந்தால் மீதி இன்னும் பிளாக்கில் நிற்கிறது.

அந்த வாளியைக் கொட்டிலில் திறந்து வைத்துவிடாதீர்கள். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு. ஆடும் நாயும் ருசித்துக் குடிக்கும், சிறுநீரகம் செயலிழந்து சாகும்.