வியாபாரப் பெயரும் வியாபார அனுமதியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒரு குடும்பத்தலைவி, மிளகாயும் மல்லியும் பதமாக வறுத்து இடித்துக் கறித்தூள் செய்து அயலவர்க்கு விற்று வருகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். தூளின் மணம் ஊர் கடந்து பரவுகின்றது. கொழும்பிலுள்ள கடைக்காரர் ஒருவர் மாதந்தோறும் ஐம்பது கிலோ அனுப்பும்படி கேட்கின்றார். பணத்தைக் காசோலையாகத் தருவதாகவும் கூறுகின்றார். அவள் தன் தூளுக்கு இட்ட பெயரிற் கணக்குத் திறக்க வங்கிக்குச் செல்லுகின்றாள். அங்கே முதலிற் கேட்கப்படுவது வியாபாரப் பதிவுச் சான்றிதழ். அதுவரை சமையலறையில் வளர்ந்த தொழில், அன்றுதான் அரசாங்கத்தின் வாயிலைத் தட்டவேண்டியதாகின்றது.

இந்த வாயிலில் நிற்போர் பலர் ஒரு மயக்கத்துக்கு ஆளாகின்றனர். பதிவு என்பதும் அனுமதி என்பதும் ஒன்றே என எண்ணி, கையில் ஒரு சான்றிதழ் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று திரும்பிவிடுகின்றனர். உண்மையில் இவை வெவ்வேறு கேள்விகளுக்குரிய விடைகள். இந்தப் பெயருக்குப் பின்னால் நிற்பவர் யார் என்பது பதிவு கேட்கும் கேள்வி. இந்தத் தொழிலை இந்த இடத்திலே நடத்தலாமா என்பது அனுமதிப்பத்திரம் கேட்கும் கேள்வி. முன்னையதற்குக் கிடைத்த விடை பின்னையதற்கு விடையாகாது.

முதற்கண் பெயரைப் பற்றி நோக்குவோம். இலங்கையில் வியாபாரப் பெயர்களின் பதிவு 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தினால் ஏற்பட்டது. ஒருவர் தம் சொந்த முழுப்பெயரிலேயே வியாபாரம் செய்வாராயின், அவர் யார் என்பது வெளிப்படை. வேறொரு பெயரைப் பலகையில் எழுதி வைக்கும்போதுதான், அந்தப் பெயரை நம்பிக் கடன் கொடுப்பவரும் பொருள் வாங்குபவரும் உண்மை உரிமையாளரை அறிய வழிவேண்டும். பதிவேட்டின் நோக்கம் இதுவே. 1987ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் மாகாண சபைகள் அமைந்தபின், மாகாணங்கள் இதற்கெனத் தம் நியதிச்சட்டங்களை ஆக்கிக்கொண்டன. ஆகையால் படிவமும் கட்டணமும் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடலாம். பெரும்பாலும் விண்ணப்பதாரர் தம் தொழில் நடைபெறும் பிரிவின் பிரதேச செயலகத்துக்கே செல்லவேண்டும்.

அங்கே கொண்டுசெல்ல வேண்டியவை எவை? தேசிய அடையாள அட்டை, கிராம அலுவலரின் அத்தாட்சி, தொழில் நடைபெறும் இடத்துக்குத் தமக்குள்ள உரிமையைக் காட்டும் பத்திரம் ஆகியவை வழக்கமாகக் கேட்கப்படுவன. இடம் சொந்தமாயின் உறுதியின் பிரதி, வாடகையாயின் உடன்படிக்கை. தொழிலின் இயல்பை நோக்கி வேறு திணைக்களங்களின் அறிக்கைகளும் வேண்டப்படலாம். அரசாங்கத்தின் ஆதரவு உண்டு என்று பிறர் எண்ணும்படியான பெயர்கள் எளிதில் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா. எனவே பெயர்ப்பலகை எழுதுவிக்குமுன் பெயரை உறுதி செய்துகொள்வது செலவை மிச்சப்படுத்தும். சான்றிதழ் கிடைத்தபின் அதனை வியாபாரத் தலத்திற் பலருங் காணத் தொங்கவிடவேண்டும். முகவரியோ பங்காளரோ மாறினால் அதனையும் அறிவித்தல் வேண்டும்.

பதியாது விட்டால் நேர்வது யாது? தண்டம் ஒரு புறமிருக்க, அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பதியவேண்டியிருந்தும் பதியாதவர், அந்த வியாபாரம் பற்றிய ஒப்பந்தத்தின்படி தமக்கு வரவேண்டியதைக் கேட்டு வழக்குத் தொடரமுடியாது என்பது 1918ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் வகுத்த விதி. மறுதரப்பார் அவர்மீது வழக்குத் தொடர்வதற்கோ தடையில்லை. நியாயமான காரணங் காட்டினால் நீதிமன்றம் சலுகை அளிக்கலாம். ஆயினும் சலுகையை நம்பி ஆறு மாதச் சரக்கை யார் அனுப்புவார்? கொழும்புக் கடைக்காரர் பணத்தைத் தராது நாட்கடத்துவாராயின், பதிவு செய்திராத அந்தப் பெண் அவரது நல்லெண்ணத்தை நம்பியே இருக்கவேண்டியவளாவாள்.

அடுத்து, பதிவு தராதவற்றையும் அறிந்திருத்தல் நன்று. வியாபாரப் பெயரைப் பதிவதனால் தொழில் வேறு, உரிமையாளர் வேறு என்று ஆகிவிடாது. தொழிலிற் பட்ட கடனுக்கு அவரது வீடும் வளவும் நகையும் பொறுப்பாகும். சீதனமாக வந்த வீட்டை ஈடுவைத்து இயந்திரம் வாங்க நினைப்போர் இதனை ஒருமுறைக்கு இருமுறை சிந்தித்தல் வேண்டும். சகோதரியையோ சிநேகிதியையோ பங்காளியாகச் சேர்ப்பின், மூலதனம் ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்டால் அப்பங்குடைமை எழுத்தில் அமைந்து ஒப்பமிடப்பட்டிருத்தல் வேண்டும் என்கின்றது 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம். இக்காலத்தில் ஆயிரம் ரூபாய் ஒரு சிறு மூலதனமும் ஆகாது. ஆதலால் எந்தப் பங்குத் தொழிலுக்கும் எழுத்து வேண்டும் என்றே கொள்ளலாம். உறவு இருக்கும்போது எழுதப்படும் உடன்படிக்கைதான் பின்னர் உறவைக் காக்கின்றது.

தொழிலின் கடன் தம் குடும்பச் சொத்தைத் தொடாதிருக்க வேண்டும் என்று விரும்புவோர் கம்பனி அமைக்கலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி ஒரே பங்குதாரருடனும் கம்பனி அமைக்க இடமுண்டு. பதிவு கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் நடைபெறும், இணையவழியாகவும் விண்ணப்பிக்கலாம். கம்பனி சட்டத்தின் கண்ணில் தனியான ஓர் ஆள். அந்த ஆளுக்குச் செயலாளர் ஒருவர் வேண்டும், ஆண்டறிக்கை வேண்டும், ஒழுங்கான கணக்கு வேண்டும். கம்பனிக்குக் கடன் கொடுக்கும் வங்கி பணிப்பாளரின் சொந்தப் பிணையைக் கேட்பதும் உண்டு. அப்பிணையில் ஒப்பமிடும்போது அந்தப் பாதுகாப்பு அந்த அளவுக்குக் குறைகின்றது. மாதம் ஐம்பது கிலோத் தூள் விற்பவருக்குத் தனியுரிமைப் பதிவே போதியதாகலாம், வளர்ந்தபின் மாற்றிக்கொள்ளலாம்.

பெயருக்குரிய மற்றொரு பாதுகாப்பு வியாபாரக்குறிப் பதிவு. பிரதேச செயலகத்திற் பெயரைப் பதிந்தவர், அப்பெயரைப் பொதியில் வேறெவரும் இடமுடியாது என்று எண்ணுதல் தவறு. அவ்வுரிமை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்திற் குறியைப் பதிவதனாற் கிடைப்பது. அப்பதிவு பத்தாண்டுகள் நிலைக்கும், மீண்டும் புதுப்பிக்கலாம்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். வீட்டுப் பின்புறத்திலே மின்மோட்டாருடன் அரைக்கும் இயந்திரம் ஒன்று பொருத்தப்படுகின்றது. அதன் இரைச்சல் அடுத்த வளவிற் படிக்கும் பிள்ளைக்குக் கேட்கும். மிளகாய் நெடி வேலி கடந்து செல்லும். இப்பொழுது அயலவரின் நலமும் இதில் இடம்பெறுகின்றது. ஆகவே மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியவற்றுள் அப்பகுதிக்குரியது எதுவோ அதனிடம் வியாபார அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். அனுமதிப்பத்திரம் ஓராண்டுக்குரியது, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படவேண்டியது. உணவுப் பொருளாயின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இடத்தைப் பார்வையிடுவார். நீர், கழிவு, தரை, பணியாளரின் சுத்தம் ஆகியவற்றை அவர் நோக்குவார். இரைச்சலும் தூசியும் கழிவும் உண்டாக்கும் தொழில்களுக்கு, 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ்ச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் வேண்டப்படும். பெருந்தொழில்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையும், சிறு தொழில்கள் சிலவற்றுக்கு உள்ளூராட்சி மன்றமும் இதனை வழங்குகின்றன. இயந்திரத்தை வாங்கிப் பொருத்தியபின் இந்த இடம் பொருந்தாது என்று அறிவதைவிட, வாங்குமுன் சபைக்குச் சென்று விசாரிப்பது அறிவுடைமை.

இவற்றுக்கு மேலும் சில கடமைகள் தொழிலின் வளர்ச்சியோடு வந்து சேருவன. தராசு ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டு முத்திரை பெறவேண்டும். பொதியிலே பொருளின் பெயர், நிறை, செய்தவரின் பெயரும் முகவரியும், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி முதலியன இருத்தல் வேண்டும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி செலுத்துநர் இலக்கம் பெறவேண்டும். சம்பளத்துக்கு ஒருவரை அமர்த்தினாலும், ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்தவேண்டும். இது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்தது. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 வீதத்தைத் தொழில்தருநரே தருதல் வேண்டும். இதனை ஊழியரின் சம்பளத்திற் கழித்தல் ஆகாது. தூள் பொதி செய்யும் ஏழைப் பெண்ணின் முதுமைக்கு இந்நிதிகளே சேமிப்பு.

இத்தனை வாயில்களா என்று மலைப்போரும் உளர். அவ்வாறு மலைப்பவரை நாடியே தரகர்கள் வருகின்றனர். படிவங்கள் அலுவலகங்களிலேயே கிடைக்கும். தமிழிலேயே நிரப்பிக் கொடுக்கலாம். கட்டணம் செலுத்தினால் உத்தியோகபூர்வமான பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறலாம். கொடுத்த ஒவ்வொரு பத்திரத்தின் பிரதியையும், பெற்ற ஒவ்வொரு சீட்டையும் ஒரே கோவையில் இட்டு வைத்தால், அடுத்த அலுவலகத்துக்குச் செல்லும்போது பாதி வேலை முடிந்திருக்கும். செல்லும் ஒழுங்கும் எளிதே: இடம் பொருந்துமா என்று சபையில் விசாரித்தல், பெயரைப் பதிதல், வங்கிக் கணக்குத் திறத்தல், அனுமதிப்பத்திரம் பெறுதல், ஆள் அமர்த்தும்போது தொழில் திணைக்களத்திற் பதிதல்.

கைத்திறன் ஒருவரது சொந்த முதல். அதனை ஊரார் நம்பி வாங்குவதற்குப் பெயர் வேண்டும். அயலார் மனம் ஒப்புவதற்கு அனுமதி வேண்டும். இவ்விரண்டையும் தேடிக்கொண்டபின் தொடங்கும் தொழிலுக்குப் பணம் வராத நாளிலே நீதிமன்றப் படி ஏற உரிமை உண்டு. பரிசோதகர் வரும் நாளிலே கதவைத் திறந்து வைக்கும் துணிவும் உண்டு.