ஒரு கோடு விழுந்தால் கர்ப்பம் இல்லையா?

குடியேற்றக் கிராமங்களில் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர், பெண்கள் தயங்கித் தயங்கி நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "நாள் தள்ளிப் போய்விட்டது ஃபாதர். பார்மசியில் வாங்கிப் பார்த்தேன், ஒரு கோடுதான் விழுந்தது. அவருக்கும் பிள்ளை கிடைப்பது கஷ்டம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் இது என்ன?"

கர்ப்பமாக இருக்கலாம் என்பதே பதில். ஏனென்று பார்ப்போம்.

அந்தப் பரிசோதனை அட்டை சிறுநீரில் எச்.சி.ஜி. என்ற ஹோர்மோனைத் தேடுகிறது. கரு கர்ப்பப்பையில் ஒட்டிக்கொண்ட பிறகே அது சுரக்கத் தொடங்கும். பிறகு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு தடவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். அவசரப்பட்டுப் பார்த்தால் அட்டைக்குப் பிடிபடாது. காணியை விட்டுப் பெயர்ந்த நமது குடும்பங்களில் இது இன்னும் சிக்கலானது. மொரகஹகந்த, களு கங்கை நீர்த்தேக்கங்களுக்காக லக்கலப் பகுதியிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் எழும்ப வேண்டி வந்தது. அலைச்சல், அரைவயிற்றுச் சாப்பாடு, மனக்கவலை எல்லாம் முட்டை வெளிவரும் நாளைப் பின்தள்ளும். முட்டை பத்து நாள் பிந்தினால் கருவும் பத்து நாள் இளையது. ஆகவே ஒரு வாரம் பொறுத்து, காலையில் முதற் சிறுநீரில் மறுபடி பாருங்கள். அப்போதும் ஒரு கோடுதான், மாதவிடாயும் வரவில்லை என்றால் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். தைரொயிட் கோளாறு, உடல் மெலிவு ஆகியவற்றாலும் நாள் தள்ளும்.

இனிக் கணவரின் ரிப்போர்ட். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கைந்நூல், விந்தணுவின் கீழ் எல்லையாக ஒரு மில்லிலீற்றருக்கு 1 கோடி 60 இலட்சத்தைக் குறிக்கிறது. இந்த எண் எப்படி வந்தது தெரியுமா? முயற்சி தொடங்கி ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை அளந்து எடுத்தது. அந்தத் தகப்பன்மாரிலும் இருபது பேரில் ஒருவர் இந்த எல்லைக்குக் கீழேதான் இருந்தார்! குறைவு என்றால் கஷ்டம். முடியாது என்று பொருளல்ல. விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் எடுக்கும். கடுங்காய்ச்சல் கண்டவரின் எண்ணிக்கை அந்தக் காலத்தில் விழுந்து பின்னர் ஏறலாம். அணுவே இல்லை என்று வந்தாலும் ஒரு ரிப்போர்ட்டோடு முடிவு கட்டாமல் மறுபடி சோதிப்பதே முறை.

இதை ஆண்களுக்காகவே விரித்து எழுதுகிறோம். பழைய ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைச் சந்தேகித்த வீடுகள் உண்டு. மாமியார் ஒரு சொல், பக்கத்து வீட்டார் ஒரு சொல்; அந்தப் பெண் கிளினிக்குக்குப் போகவே கூசுகிறாள். (எலிசபெத்தை மலடி என்று சொன்ன ஊரும் இப்படித்தான் இருந்திருக்கும்.)

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். நாள் தள்ளிய பெண்ணுக்கு அடிவயிற்றில் கடும் வலி, இரத்தக் கசிவு, தலைச்சுற்று, தோள்பட்டை நோவு கண்டால், கரு குழாயில் தங்கியிருக்கலாம். அது உயிராபத்து. கோடு ஒன்றா இரண்டா என்று பார்த்திராமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ தம்புள்ளைக்கோ உடனே போக வேண்டும்.

நிச்சயமாகத் தெரியும் வரை, நாளை வரவழைக்கக் கை மருந்து குடிக்க வேண்டாம். வயலுக்கு எண்ணெய் அடிக்கும் வேலையையும் வேறு ஒருவர் பார்க்கட்டும். உங்கள் பகுதி மிட்வைஃப் அம்மாவிடம் சொல்லி ஃபோலிக் அமிலம் கேட்டு வாங்குங்கள். கடைசியாகக் குளித்த திகதியை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.