கோடரிக்கு ஏற்ற பொருள்கள்

மனிதன் கையாளும் கருவிகளுள் கோடரி மிகத் தொன்மையானது. கற்கால மக்கள் கல்லைத் தீட்டிக் காம்பில் பொருத்திய நாள் தொட்டு அதன் அமைப்புப் பெரிதும் மாறவில்லை. ஒரு தலை, ஒரு காம்பு, இரண்டையும் இறுக்கும் ஓர் ஆப்பு, இவ்வளவே கோடரி. ஆயினும், தோற்றத்தில் ஒத்த இரு கோடரிகளுள் ஒன்று பல்லாண்டு உழைக்க, மற்றொன்று சில நாட்களிலேயே வாய் மடிந்தோ சிதறியோ பயனற்றுப் போவதுண்டு. சிதறிய துணுக்கு கண்ணிற் பாயலாம். காம்பினின்று கழன்ற தலை அருகில் நிற்பவரைத் தாக்கலாம். எனவே பொருளைத் தேர்ந்தெடுப்பது கருவியின் ஆயுளை மட்டுமன்றி, அதைக் கையாள்பவரின் பாதுகாப்பையும் பொறுத்ததாகும்.

ஒரு தலைக்கு இரு பணிகள்

மிகக் கடினமான பொருளே சிறந்த கருவியைத் தரும் என்பது பொதுவான எண்ணம். இது முழு உண்மையன்று. கண்ணாடி கடினமானது, ஆயினும் ஓர் அடியில் நொறுங்கிவிடும். ஈயம் நொறுங்காது, ஆனால் அதற்குக் கூர்மை நிற்காது. கோடரியின் வாய் மரத்தை வெட்டும் பகுதியாதலின் அதற்குக் கடினம் வேண்டும். காம்புத் துளையைச் சூழ்ந்த உடற்பகுதி ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியையும் ஏற்பதால் அதற்கு முறியாத உரம் வேண்டும். கடினம் மிகுந்தால் உரம் குறைவதும், உரம் மிகுந்தால் கடினம் குறைவதும் எஃகின் இயல்பு. இவ்விரண்டையும் ஒரே தலையில் இசைவிப்பதே கொல்லரின் திறமை.

முற்காலத்துக் கொல்லர் இதற்கு எளியதொரு வழி கண்டனர். உடலை மெல்லிய தேனிரும்பால் அமைத்து, வாயில் மட்டும் எஃகுத் துண்டு ஒன்றை வைத்து, உலையில் வெண்சூடேற்றி அடித்து ஒட்டினர். எஃகு அரிதாகவும் விலை உயர்ந்ததாகவும் இருந்த காலத்தில் இது சிக்கனமும் ஆயிற்று.

கரியின் அளவு

இரும்பின் குணத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அதிற் கலந்துள்ள கரியே. தேனிரும்பில் கரி 0.1 சதவிகிதத்திற்கும் குறைவு. சாதாரண மென் எஃகில் 0.15 முதல் 0.25 சதவிகிதம் வரை உண்டு. இவற்றை எவ்வளவு தோய்த்தாலும் வாய்க்குப் போதிய கடினம் ஏறாது. ஆகவே தகட்டுத் துண்டுகளும் கட்டட வேலைக் கம்பிகளும் கோடரி வாய்க்கு ஏற்றவையல்ல. வார்ப்பிரும்பிலோ 2 முதல் 4 சதவிகிதம் வரை கரி உண்டு. அது அடித்து வளைக்க இயலாததோடு, அதிர்ச்சியில் உடைந்தும் போகும். இவற்றிற்கு இடைப்பட்ட 0.5 முதல் 0.7 சதவிகிதம் வரை கரியுள்ள எஃகே கோடரிக்குப் பொருத்தமானது.

தென்னிந்தியாவில் மூசைகளில் உருக்கி எடுக்கப்பட்டு, மேனாடுகளில் ‘ஊட்ஸ்’ எனப் பெயர் பெற்ற எஃகை மைக்கேல் ஃபாரடே 1819ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். வாளுக்குப் புகழ்பெற்ற அவ்வெஃகில் கரி ஒரு சதவிகிதத்திற்கும் மேற்பட்டிருந்தது. அதனை மிகையாகச் சூடேற்றி அடித்தால் உதிர்ந்துவிடும். உயர்ந்ததெனப் போற்றப்படும் பொருளும் எல்லாப் பணிக்கும் ஏற்றதாகாது என்பதற்கு இது சான்று.

பழைய இரும்பைச் சோதித்தல்

நாட்டுப்புறப் பட்டறைகளில் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டைகளிலிருந்து கோடரியும் அரிவாளும் அடிக்கப்படுகின்றன. இது நல்ல தேர்வே. சிலிக்கனும் மாங்கனீசும் கலந்த ஸ்பிரிங் எஃகில் கரி 0.5 முதல் 0.6 சதவிகிதம் வரை உள்ளது. ஆனால் நெடுநாள் அதிர்ந்து உழைத்த பட்டையில் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத வெடிப்புகள் தோன்றியிருக்கலாம். துருவை நன்கு தேய்த்து நீக்கிப் பார்த்து, வெடிப்புள்ள பகுதியைத் தவிர்க்க வேண்டும்.

இன்ன எஃகு என்று அறிய இயலாத துண்டைச் சோதிக்க எளிய முறைகள் உண்டு. சாணைக்கல்லில் பிடித்தால் மென் எஃகு, கிளைகள் குறைந்த நீண்ட பொறிகளைத் தரும். கரி மிகுந்த எஃகின் பொறிகள் விண்மீன்கள் போல் அடர்ந்து வெடிக்கும். வார்ப்பிரும்பின் பொறிகள் குறுகிச் செந்நிறமாயிருக்கும். கலப்பு எஃகில் இத்தோற்றம் மாறக்கூடுமாதலின் இரண்டாவது சோதனையும் நன்று. சிறு துண்டைச் செஞ்சூடேற்றித் தோய்த்து, அதன்மேல் அரத்தை ஓட்டிப் பார்க்கலாம். அரம் வழுக்கினால் எஃகு கடினமுற்றது என்றும், கடித்து அராவினால் கரி போதாது என்றும் கொள்ளலாம்.

தோய்ச்சலும் பதமும்

நல்ல எஃகும் சூட்டின் முறை பிழைத்தால் கெடும். உரிய செஞ்சூட்டில் கரி இரும்பினுள் கரைகிறது. உடனே குளிர்வித்தால் அது பிரிந்து வெளிப்பட நேரமின்றி அகப்பட்டு, எஃகைக் கடினமாக்குகிறது. 770 டிகிரி சென்டிகிரேட் அளவில் இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படுவதை இழக்கும். அந்நிலைக்குச் சற்று மேல் சூடேறியதும் வாய்ப்பகுதியை மட்டும் தோய்ப்பது வழக்கம். வேறொன்றும் கலவாத கரி எஃகிற்கு நீர் பொருந்தும். ஸ்பிரிங் எஃகு நீரில் வெடிக்கக்கூடுமாதலின் அதற்கு எண்ணெயே தக்கது.

தோய்த்த வாய் கண்ணாடி போல் நொறுங்கும் நிலையில் இருக்கும். அதனைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மீண்டும் மெல்லச் சூடேற்றினால், மேற்பரப்பில் வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என நிறங்கள் முறையே தோன்றும். ஊதா சுமார் 280 டிகிரியையும், நீலம் சுமார் 300 டிகிரியையும் குறிக்கும். மரம் வெட்டும் கோடரிக்கு ஊதா தோன்றும்போது சூட்டை நிறுத்துவது ஏற்றது. வைக்கோல் நிறத்திலேயே நிறுத்திவிட்டால் கடினம் எஞ்சும், உரம் போதாது. கண்ணிற் பாயும் துணுக்குகள் பெரும்பாலும் இத்தகைய பதமற்ற வாயினின்றே தெறிக்கின்றன.

காம்பு

பழமொழி கோடரிக் காம்பைக் குலத்தைக் கெடுப்பதாக இகழ்கிறது. உண்மையில் அடியின் அதிர்ச்சியைத் தான் ஏற்று, கையைக் காப்பது அதுவே. இரும்புக் குழாயைக் காம்பாக்கினால் அதிர்வு கைக்கு நேரே ஏறி விரைவில் களைப்புத் தரும். இந்தியச் சமவெளிகளில் கருவேலமும், வட இந்தியாவில் சீசம் மரமும் காம்புக்குப் பயன்படுகின்றன. மரத்தின் வகையைவிட அதன் இழை முக்கியமானது. இழை நுனி முதல் அடி வரை நேராக ஓட வேண்டும், முடிச்சு இருத்தலாகாது. இழை குறுக்கே வெட்டுண்ட இடத்தில்தான் காம்பு முறிகிறது.

ஈரமரத்தில் காம்பு செய்வது மற்றொரு தவறு. மரம் உலரும்போது நீளவாட்டில் ஏறக்குறையச் சுருங்குவதில்லை. குறுக்குவாட்டிலோ குறிப்பிடத்தக்க அளவு சுருங்கும். அதனால் காம்பு துளையில் தளர்ந்து தலை கழலும். தளர்ந்த கோடரியை நீரில் ஊறவைப்பது தற்காலிக உதவியே. ஊறிப் பருத்த இழைகள் இரும்புச் சுவரில் நசுங்கி, உலர்ந்தபின் முன்னினும் தளரும். நன்கு உலர்ந்த மரத்தில் காம்பு செய்து, ஆப்பு அடித்து இறுக்குவதே நிலையான பரிகாரம்.

வாய்க்குக் கடினம், உடலுக்கு உரம், காம்புக்கு நேர் இழை என ஒவ்வோர் உறுப்பும் தாங்கும் பணியை அறிந்து பொருளைத் தேர்ந்தால், சிறிய பட்டறையிலும் நெடுநாள் உழைக்கும் கருவியைச் செய்ய இயலும். அதற்குத் தேவையான சோதனைகளுக்கு ஒரு காந்தமும், ஓர் அரமும், கவனமுள்ள கண்ணுமே போதும்.