வேளாண் கல்லூரியில் சீட் கிடைச்சாச்சு... பாடம் நடத்த ஆள் இருக்காங்களா? சேரும் முன் கவனிக்க வேண்டியவை!

பிளஸ் 2 ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி, "நீட் இல்லாம என்ன படிக்கலாம்?" என்பதுதான். அதற்கான பதில்களில் முக்கியமானது பி.எஸ்சி (ஹானர்ஸ்) வேளாண்மை. கட்-ஆஃப், ஃபீஸ், ஹாஸ்டல் என எல்லாம் விசாரிக்கும் பெற்றோர், நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர் என்று பெரும்பாலும் கேட்பதில்லை.

சேர்க்கை எப்படி நடக்குது?

கோவையில் 1971-ல் உருவான தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில் ரேங்க் பட்டியல் வெளியிட்டு கவுன்சலிங் நடத்துகிறது. பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள், தனியார் நடத்தும் இணைப்புக் கல்லூரிகள் என இரண்டு வகை உண்டு. 2021 சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு இருக்கிறது. அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு மட்டும் க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

பேராசிரியர் ஏன் இவ்வளவு முக்கியம்?

வேளாண் படிப்பு வகுப்பறையோடு முடிவதில்லை. மாணவர்களே வயலில் இறங்கி விதைத்து, களை எடுத்து, அறுவடை வரை பார்க்க வேண்டும். இறுதியாண்டில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும். இதற்கெல்லாம் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, கூடவே ஒரு ஆசிரியர் நிற்கணும். ஆள் குறைந்தால் முதலில் அடிவாங்குவது இந்தச் செய்முறைப் பயிற்சிதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வேளாண் பல்கலைக்கழக ஆசிரியருக்கு வேலை மூன்று: பாடம் நடத்துவது, புது ரகங்களுக்கான ஆராய்ச்சி, அதை விவசாயியிடம் கொண்டு சேர்ப்பது. ஒரு பணியிடம் காலியானால் மூன்றுமே தேங்கும். பாதிப்பு மாணவரோடு நிற்காது, விவசாயி வயல் வரைக்கும் போகும்.

காலியிடத்தை யார் நிரப்பணும்?

அரசியல் சாசனப்படி வேளாண் கல்வி மாநிலப் பட்டியலில் வருகிறது. அதனால் நிதி, நியமனம் எல்லாம் மாநில அரசு மற்றும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. இந்திய வேளாண் ஆராய்ச்சி கவுன்சில், அதாவது ஐ.சி.ஏ.ஆர், தரத்தை ஆய்வு செய்து அங்கீகாரம் தரும். ஆனால் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுத்துத் தராது.

புதுக் கல்லூரி அறிவிப்பது எளிது. பேராசிரியரை உருவாக்க இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டம் என சுமார் 9 ஆண்டுகள் ஆகும். ஓய்வு பெறுபவர் இடத்துக்கு நியமனம் தாமதமானால், தற்காலிக ஆசிரியர்களை வைத்துதான் சமாளிக்க வேண்டியிருக்கும்.

சேரும் முன் கேளுங்க!

* கல்லூரிக்கு ஐ.சி.ஏ.ஆர் அங்கீகாரம் இருக்கிறதா? எந்த ஆண்டு வரை?
* துறை வாரியாக நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்?
* கல்லூரிக்கு சொந்தப் பண்ணை, பாசன வசதி, ஆய்வகம் இருக்கிறதா?
* செய்முறை வகுப்பில் ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்?

வேளாண் அலுவலர் பணிக்கான டி.என்.பி.எஸ்.சி தேர்வு, வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வு என இந்தப் பட்டத்துக்கு வாய்ப்புகள் இருக்கின்றன. ஆனால் அங்கே போட்டி போடுவது பட்டம் இல்லை, படிச்ச படிப்பு. கவுன்சலிங்கில் கல்லூரியைத் தேர்வு செய்யும் முன், ஒரு முறை நேரில் போய்ப் பார்த்துட்டு வாங்க.