கண்முன் நடக்கும் கைத்தொழில்

கைவினைத் திருவிழாக்கள் இன்று நம் நாட்டில் பெருகிவிட்டன. ஹரியானா மாநிலத்தின் சூரஜ்குண்டில் 1987இல் தொடங்கிய மேளாவும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவும் பலர் அறிந்தவை. இத்தகைய இடங்களில் பொருள்கள் விற்கப்படுவதோடு, அவற்றைச் செய்வோரே வந்தமர்ந்து பார்வையாளர் முன்னிலையில் செய்தும் காட்டுகின்றனர். குயவர் சக்கரத்தைச் சுழற்றுகிறார். நெசவாளர் தறியில் அமர்கிறார். மக்கள் சூழ்ந்து நிற்கின்றனர். இதனை அண்மைக்கால வணிக உத்தி என்று கருதுவோர் உளர். அவ்வாறன்று. இஸ்லாமிய நாகரிகத்தின் மாநகரொன்றில் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வழக்கம் முழு வளர்ச்சி பெற்றிருந்தது.

கி.பி. 1582, ஹிஜ்ரி 990. உதுமானிய சுல்தான் மூன்றாம் முராத் தம் மகன் இளவரசர் முஹம்மதின் சுன்னத் விழாவை இஸ்தான்பூலில் நடத்தினார். நம்மூர்களில் ‘சுன்னத்துக் கல்யாணம்’ என்று சொல்கிறோமல்லவா? துருக்கியரும் ‘சுன்னத் துயூன்’ என்றே சொல்கின்றனர்; துயூன் என்பது கல்யாண விருந்து. இரு தொலைதூர மொழிகள் ஒரே சடங்குக்கு ஒரே வகையில் பெயரிட்டிருப்பது வியப்புக்குரியது. விழா ஐம்பது நாள்களுக்கும் மேலாக நீடித்தது. களம், அத்மைதான் எனப்படும் குதிரை மைதானம். மைதானத்தின் ஓரத்தே இருந்த இப்ராஹீம் பாஷா மாளிகையின் மாடத்திலிருந்து சுல்தான் அனைத்தையும் கண்டார். அம்மாளிகை இன்று துருக்கிய இஸ்லாமியக் கலைகளின் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

விருந்துகளும் வாணவேடிக்கைகளும் அரசவிழா எதற்கும் உரியவை. இவ்விழாவின் தனிச்சிறப்பு வேறு. நகரத்துத் தொழிற்சங்கங்கள் நாள்தோறும் அணியணியாக மைதானத்தைக் கடந்து சென்றன. அவை வெறுங்கையோடு செல்லவில்லை. தத்தம் தொழிற்கூடத்தையே சக்கரங்கள் பூட்டிய மேடைகளில் ஏற்றிக்கொண்டு சென்றன. கண்ணாடி ஊதுவோர் எரியும் உலையை வண்டியில் வைத்து, அதன் அருகே நின்று குழலை ஊதிக் கலங்களைச் செய்துகாட்டினர். நெசவாளர் தறியோடு வந்தனர். ஹம்மாம் எனும் குளியலகத்தை நடத்துவோர் ஒரு குளியலகத்தையே உருட்டி வந்தனர். கட்டடத் தொழிலாளர் சுலைமானிய்யா பள்ளிவாசலின் மாதிரியைச் சுமந்து வந்தனர். ஒவ்வோர் அணியும் மாடத்தின் முன்னே நின்று தன் காணிக்கையைச் செலுத்தியது. சுல்தான் காசு வழங்கினார். இந்திஸாமி என்பவர் எழுதிய ‘சூர்நாமெ ஹுமாயூன்’ எனும் விழா நூலில் இக்காட்சிகள் இடம்பெற்றுள்ளன. நக்காஷ் உஸ்மானும் அவர்தம் குழுவினரும் அதற்கு வரைந்த நுண்ணோவியங்களில் மாளிகையும் மைதானமும் மாறாமல் திரும்பத் திரும்ப வருகின்றன. முன்னே செல்லும் தொழில் மட்டுமே பக்கந்தோறும் மாறுகிறது. ஏட்டைப் புரட்டுவோருக்கு, அசையாத ஒரு சாளரத்தருகே அமர்ந்து ஒரு நகரம் முழுவதையும் கடந்துபோகக் காணும் உணர்வு ஏற்படும். ஏடு இன்று தோப்காபி அரண்மனை நூலகத்தில் உள்ளது.

அங்கே தன்னை வெளிப்படுத்திக்கொண்டது தொழிலாளியின் தனித்திறன் மட்டுமன்று; அவன் சார்ந்த சங்கமும்தான். உஸ்தாவும் கல்ஃபாவும் மாணாக்கனும் ஒருங்கே நடந்தனர். உஸ்தா என்பது நாம் அறிந்த உஸ்தாத் என்பதன் திரிபு. கல்ஃபா என்பது கலீஃபா என்னும் சொல்லே. ஆசானின் இடத்தில் நிற்கத் தகுந்தவன் எனப் பொருள்படும். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பீர், அதாவது ஆதிகுரு, குறிக்கப்பட்டிருந்தார். தையற்காரர்க்கு இத்ரீஸ் (அலை), கவசம் செய்வோர்க்கு தாவூது (அலை) என்று அவ்வரிசை செல்லும். தாவூது நபிக்கு இறைவன் இரும்பை மென்மையாக்கிக் கவசம் செய்யக் கற்பித்ததைக் குர்ஆன் கூறுவதை அறிவோர்க்கு இது புதிதன்று. நான்காம் முராத் 1638இல் பக்தாத் படையெடுப்புக்கு முன் நடத்திய சங்க ஊர்வலத்தை எவ்லியா செலபி தம் பயணநூலில் விரிவாக வருணிக்கிறார். அதில் எகிப்து வணிகரும் இறைச்சி வணிகரும் முன்வரிசை யாருக்கு என்று சுல்தானிடமே வழக்காடுகின்றனர். எவ்லியா எண்ணிக்கைகளைப் பெருக்கிச் சொல்லும் பழக்கமுடையவர்; எனினும் அவ்வழக்கு நடந்த விதத்தில் தொழிலாளரின் தன்மானம் தெளிவாகத் தெரிகிறது. காட்சிப்பொருளாக நிறுத்தப்பட்டவர்கள் முன்வரிசை கேட்டு வழக்காடமாட்டார்கள்.

செய்து காட்டுவதற்கு ஏன் இத்துணை மதிப்பு? இவ்விழாவுக்கு இரு நூற்றாண்டுகள் முற்பட்ட இப்னு கல்தூன் தமது முகத்திமாவின் ஐந்தாம், ஆறாம் பகுதிகளில் தொழில்கள், கல்விகள் குறித்துக் கூறுவன இதற்கு விடையாகும். ‘ஸினாஅத்’ எனப்படும் தொழில் செயலும் சிந்தனையும் கலந்தது என்கிறார். அது ஒருவரிடம் ‘மலகா’வாக, அதாவது உடலிலும் உள்ளத்திலும் ஊன்றிய பழக்கமாக, நிலைபெற வேண்டும். அச்செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதாலேயே மலகா உண்டாகும். ஆதலால் தொழிலைச் சொல்லக் கேட்டுக் கற்பதைவிடக் கண்ணால் கண்டு கற்பதே நிறைவானது என்பது அவர் முடிவு. தேவை உள்ள இடத்தில் தொழில் செழிக்கும், தேவை குன்றினால் மறையும் என்றும், அரசே மிகப்பெரும் சந்தை என்றும் அவர் கூறுவதை அத்மைதானத்தின் காட்சியோடு பொருத்திப் பார்க்கலாம். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. இப்னு கல்தூன் ‘காண்பவன்’ என்று குறித்தது ஆண்டுக்கணக்கில் உடனிருந்து காணும் மாணாக்கனை. ஐந்து நிமிடம் நின்றுவிட்டு அடுத்த கடைக்கு நகரும் பார்வையாளனை அன்று.

இந்த வேறுபாடு மறக்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு 1886இல் இலண்டனில் நடந்த காலனிய, இந்தியக் கண்காட்சி ஒரு சான்று. ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்ட அக்கண்காட்சியில் இந்தியக் கைவினைஞர் முப்பத்து நால்வர் அமர்த்தப்பட்டு, தத்தம் தொழிலைச் செய்துகாட்டினர். சொந்த ஊரில் செய்வதையே இங்கும் செய்கின்றனர் என்பது பார்வையாளர்க்குத் தரப்பட்ட எண்ணம். உண்மையில் அவர்களிற் பெரும்பாலோர் ஆக்ரா மத்தியச் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். சிறையிலேயே தொழில் பயின்றவர்கள். பக்ஷிராம் எனும் குயவருக்கு நூற்றிரண்டு வயது என்று சொல்லப்பட்டது. விக்டோரியா அரசி அவர்களைச் சந்தித்து, ருடால்ஃப் ஸ்வோபோடா எனும் ஓவியரைக் கொண்டு அவர்தம் முகங்களை வரையச் செய்தார். அவ்வோவியங்களை ஆஸ்போர்ன் மாளிகையில் இன்றும் காணலாம். நல்ல ஓவியங்களே. எனினும் இஸ்தான்பூல் ஏட்டில் மேடையில் இருப்பது தொழில். இங்கே மனிதனே காட்சிப்பொருள்.

நம் காலத்துத் திருவிழாக்கள் இவ்விரண்டில் எதனைச் சார்ந்தவை? பத்தமடைப் பாயை வைத்து இதனை ஆராயலாம். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் லெப்பைக் குடும்பத்தினர் தலைமுறைகளாக நெய்துவரும் கோரைப்பாய் அது. நயம்பாயை முதலில் நெய்தவர் ஹசன் பாவா லெப்பை என்பது வழிவழிச் செய்தி. 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் அனுப்பப்பட்டது. புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. மணமக்கள் பெயரிட்டு நெய்யும் கல்யாணப் பாய் சாதி சமய வேறுபாடின்றித் தென்மாவட்டங்களில் விரும்பப்படுவது.

அதன் செய்முறையைக் கேளுங்கள். தாமிரபரணிக் கரையிலும் சதுப்பு நிலங்களிலும் விளையும் கோரை பச்சையாக அறுக்கப்படுகிறது. அதைக் கீறி, உலர்த்தி, வேகவைத்து, ஓடும் நீரில் ஒரு வாரம்வரை ஊறவிடுவர். கோரை மும்மடங்காகப் பருக்கும். மீண்டும் உலர்த்தி, மயிரிழைபோல் கிழித்து, சாயமேற்றி, பருத்தி நூல் பாவில் ஊடாகச் செலுத்தி நெய்வர். நயம்பாய் பட்டுத்துணிபோல் மடியும். ஒன்றை முடிக்கப் பல வாரங்கள் ஆகும். இவற்றுள் திருவிழாப் பந்தலில் காணக்கூடியது எது? இறுதிப்படியாகிய நெசவு, அதிலும் ஒரு சிறு பகுதி. கண்ணாடி ஊதுவோன் சில நிமிடங்களில் ஒரு கலத்தை முடித்துக் கையில் தருவான். குயவரும் அவ்வாறே. பாய் நெய்வோர்க்கு அது இயலாது. எனவே விரைந்து முடியும் தொழில்களுக்கே கூட்டமும் அழைப்பும் சேர்கின்றன. தொழிலின் தரத்துக்கும் அதனைக் காட்டுவதன் எளிமைக்கும் தொடர்பில்லை என்பதை ஏற்பாடு செய்வோர் எண்ணிப்பார்ப்பதில்லை என்பது என் குறை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கைவினைத் திருவிழாவில் அறுபது வயதை எட்டிய பத்தமடைப் பெண்மணி ஒருவர் தாழ்ந்த தரைத்தறியின் முன் அமர்ந்திருந்தார். ஊரைச் சொல்லி ஸலாம் உரைத்தேன். ‘ஏன் உம்மா, நயம்பாயா நெய்கிறீர்கள்?’ என்று கேட்டேன்.

‘இல்லை ஆலிம்சா, முரட்டுப்பாய்தான். நாலு நாளில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது வேணும் என்றார்கள். நயம்பாய் நெய்தால் நாலு நாளில் ஒரு சாண்கூட வராது. ஓடுற தண்ணியிலே கோரையை ஊறப்போடணும், இங்கே ஆற்றுக்கு எங்கே போக?’

நாள்படி கிடைப்பதாகவும், விற்பனை சுமார் என்றும் சொன்னார். தம் வீட்டில் நயம்பாய் நெய்யும் மருமகள் கைக்குழந்தையோடு இருப்பதால் வரவில்லையாம். நான் நின்ற அரைமணி நேரத்தில் படம் எடுத்துக்கொண்டவர் பலர். விலை கேட்டவர் மூவர். எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டவர் எவருமிலர். ஒரு சிறுமி மட்டும் அவர் அருகே குந்தியமர்ந்து, கோரையைச் செலுத்தும் நீண்ட குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிறிது நேரத்தில் கையை நீட்டினாள். அவர் தயங்காமல் குச்சியைக் கொடுத்தார். முதல் கோரை முறிந்தது, இரண்டாவதும் முறிந்தது. மூன்றாவது பாவின் மறுபுறம் வந்து சேர்ந்தபோது அவர் அச்சை இழுத்து அதனை இறுக்கினார். தாய் அழைக்கவே சிறுமி எழுந்து ஓடினாள்.

இறுதி நாள் மாலை மீண்டும் அப்பக்கம் சென்றேன். அவரும் உடன்வந்த இளைஞரும் தறியைக் கழற்றிக்கொண்டிருந்தனர். நெய்தது அரைப்பாய் அளவு இருந்தது. அதனை அறுக்காமல் பாவோடும் அச்சோடும் சேர்த்துச் சுருட்டினர். ‘ஊருக்குப் போய் மறுபடி விரித்து மீதியை நெய்யணும் ஆலிம்சா, பாதியிலே அறுத்தால் பாவு நூல் வீணாகும்’ என்றார். சிறுமி செலுத்திய வரி எது என்று கேட்டேன். விளிம்பில் சற்றே பிதுங்கி நின்ற ஒரு கோரையை விரலால் தொட்டுக் காட்டினார்.